சாவிக்குப் பொட்டு வைத்தவள்

இசக்கியம்மாளின் பொறாமை கல்யாணத்துக்குப் பிறகு வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளோடு கூடப் பிறந்தது. ஏழு வயதில், ஆடிப்பூரத் தேருக்குத் தனக்கு நீலப் பாவாடையும் தங்கச்சிக்குப் பச்சைப் பாவாடையும் எடுத்துவிட்டார்கள் என்று, தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேரும்வரை தேரைப் பார்க்காமல் தங்கச்சியின் பாவாடையையே பார்த்துக்கொண்டு நின்றவள். சாயங்காலம் யாரோ ஒரு அத்தை, "நீலந்தான் எடுப்பா இருக்கு" என்று சொன்னாள். தங்கச்சி அழுதாள். அதற்குப் பிறகுதான் இவள் கையிலிருந்த சீனிமிட்டாயை வாயில் போட்டாள்.

அதற்காக அவளை ஒரேயடியாகக் கெட்டவள் என்று தள்ளிவிடவும் முடியாது. அடுத்தவளுக்கு இருப்பது ஒழிய வேண்டும் என்று நினைக்கிறவள் ஒரு ரகம். எனக்கும் வேண்டும், ஒரு கை கூடவே வேண்டும் என்று நினைக்கிறவள் இன்னொரு ரகம். இசக்கியம்மாள் இரண்டாவது. பொய் சொல்லமாட்டாள். காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதே காய்ச்சல்காரிக்கு எதிர்வீட்டுக்காரி ரசஞ்சோறு கொடுத்தாள் என்று காதில் விழுந்தால் மட்டும் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

எண்பதாம் வருஷம் தை மாதம் அவளை ராஜபாளையத்தில் தனுஷ்கோடிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு நகராட்சியில் வேலை. வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது இல்லை. தெருத்தெருவாகச் சைக்கிளில் போய், பூமிக்கு அடியில் இருக்கும் வால்வுக்குச் சாவியைப் போட்டுத் திருகித் தண்ணீர் திறந்துவிடுவது. அதுவும் தினக்கூலி. "இன்னைக்கோ நாளைக்கோ நிரந்தரம் ஆயிரும்" என்று பெண் கேட்டு வந்தவர்கள் சொன்னார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆன பிறகும் அந்த நாளை வந்தபாடில்லை.

ஆனாலும் அவள் பூரித்துத்தான் கிடந்தாள். களத்துத் தெருவில் இருபத்தாறு வீடுகளுக்கு இரண்டு தெருக்குழாய். மழை பெய்த வருஷத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். பெய்யாத வருஷத்தில் நாலு நாளைக்கு ஒருமுறை. நாளைக்குத் தண்ணீர் உண்டா, எத்தனை மணிக்கு என்று கேட்க அந்த இருபத்தாறு வீட்டுப் பெண்களும் இவள் வாசலுக்குத்தான் வர வேண்டும். "மதினி, நாளைக்கு வருமா?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடமாட்டாள். அடுப்பைப் பார்ப்பாள், கூரையைப் பார்ப்பாள், பிறகு, "அஞ்சே முக்காலுக்கு வரும்" என்பாள். பொறாமைக்காரிக்கு, நாலு பேர் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுவதைவிடப் பெரிய சுகம் இருக்கிறதா என்ன?

அந்தச் சுகத்தில் மண்ணைப் போட்டவள் கிருபாபாய். பக்கத்து வீடு; வேலையும் ஒரே இடத்தில். இருவரும் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிறவர்கள். எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம், மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டே கிருபாபாய் கேட்டாள்.

"ஏட்டி இசக்கி, தோப்புத் தெருவுக்கு எம்புட்டு நேரம் தண்ணி விடுதாக தெரியுமா?"

"நமக்கு விடுற அம்புட்டுதான் இருக்கும்."

"ஆமா, இருக்கும். முக்கா மணி நேரமாம். எங்க சின்னம்மா மக அங்கனதான் இருக்கா. வால்வுக்கு எதுத்த வீட்டுல செல்லத்தாய்னு ஒருத்தி. புருஷன் பட்டாளத்துல. தண்ணி நாளுன்னா ஒன் வீட்டுக்காரருக்கு அங்கன காப்பியாம், சில்வர் டம்ளர்ல. நான் ஒண்ணும் சொல்லலம்மா, சின்னம்மா மக சொன்னா."

ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கிருபாபாய் மோர் மிளகாயைக் கடித்தாள். இசக்கியம்மாள் தூக்குவாளியை மூடிவிட்டாள். அன்று சுருட்டிய பேண்டேஜ் அத்தனையும் இறுகிப் போய், மேஸ்திரி பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த தண்ணீர் நாளில், கிருபாபாயிடமே டைம்பீஸை இரவல் வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தோப்புத் தெருவுக்குப் போனாள். போய், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள். தனுஷ்கோடி வந்தான். மற்ற வால்வுகளுக்கெல்லாம் கையடக்கச் சாவி. அவன் சைக்கிளிலேயே தொங்கும். தோப்புத் தெரு வால்வு மட்டும் ஆழக்குழியில் இருப்பதால் அதற்கு நாலடி நீளத்தில் ஒரு இரும்புச் சாவி. அவன் செல்லத்தாய் வீட்டு நடைக்குள் உரிமையாகக் கையை விட்டு அந்தச் சாவியை எடுத்தான். திருகினான். திரும்ப நடையில் சாத்தினான். உள்ளேயிருந்து "அண்ணாச்சி" என்ற குரலோடு ஒரு வளையல் கை டம்ளரை நீட்டியது. நின்ற வாக்கில் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குச் சைக்கிளை மிதித்தான்.

திறந்ததிலிருந்து அவன் திரும்பி வந்து அடைக்கும்வரை சரியாக நாற்பத்தைந்து நிமிஷம். முதல் கால் மணி நேரம் அந்தத் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு நின்றதும், குழாய் வெறுங்காற்றை ஊதிக்கொண்டிருந்ததும் அவள் கண்முன்னால்தான் நடந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அவள் கண்ணுக்கு அந்த டம்ளர் மட்டும்தான் தெரிந்தது. அங்கே அடைத்தால்தான் தண்ணீர் களத்துத் தெருவுக்குத் திரும்பும். விழுந்தடித்து வீட்டுக்கு ஓடிவந்து தன் தெருக் கணக்கையும் பார்த்தாள். இருபத்தைந்து நிமிஷம். அதற்குமேல் ஒரு சொட்டு இல்லை.

இருபது நிமிஷம் வித்தியாசம். ஒரு ஆம்பிளையின் மனசு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஜோசியரிடமா போக வேண்டும்? தண்ணீரே காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்தாள். அந்த இருபது நிமிஷத்தைக் குடமாக்கிப் பார்த்தாள். பதினாறு குடம் வந்தது. நாலு நாளைக்கு ஒரு தடவை தன் புருஷன் எவளோ ஒருத்திக்குப் பதினாறு குடம் ஆசையை ஊற்றுகிறான்.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது காரணம் சொல்லிவிடுவான் என்று பயம். பொறாமைக்குப் பதில் பிடிக்காது; சாட்சிதான் வேண்டும்.

சாட்சி ஐப்பசியில் வந்தது. ஆயுத பூஜைக்குக் கம்பெனி மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, புருஷனின் சைக்கிளைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். சின்னச் சாவிகளைக் கழுவி வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தாள்.

"பெரிய சாவி எங்க?" என்றாள்.

"அது அங்கன கிடக்கு. நாலடி இரும்ப இங்க தூக்கிட்டு வரவா? ஆபீஸ் ஷெட்டு எட்டு மணிக்குத்தான் திறப்பான். எனக்கு அஞ்சு மணிக்கு வேணும்."

மறுநாள் கம்பெனிக்குப் போகிற வழியில் தோப்புத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். செல்லத்தாய் வீட்டு நடையில் சாவி சாய்ந்திருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது. கைப்பிடியில் மூன்று இடத்தில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், ஒரு முழம் கதம்பம். பூ வாடக்கூட இல்லை.

புருஷன் கையில் பிடிக்கிற சாமானுக்கு இன்னொருத்தி பொட்டு வைத்திருக்கிறாள்! காப்பியைக்கூடப் பொறுத்திருப்பாள். இதைப் பொறுக்கமாட்டாள். கம்பெனிக்குப் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தாய்வீட்டில் அம்மா பெத்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அவ அவியள எப்படிக் கூப்பிடுதா?" என்றாள்.

"அண்ணாச்சின்னு."

"பொறவு என்னட்டி?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஊருல எத்தனை அண்ணாச்சியப் பாத்துருக்கோம்."

ஒரு வாரம் தங்கிவிடுவது என்றுதான் வந்தாள். புருஷன் பஸ் ஏறி வந்து வாசலில் நின்று கெஞ்ச வேண்டும் என்று ஒரு கணக்கு. ஆனால் தண்ணீர்ப் பஞ்சத்தில் இருக்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கோபித்துக்கொண்டு போகவும் கொடுப்பினை கிடையாது. மூன்றாம் நாள் தண்ணீர் நாள். தான் இல்லாவிட்டால் குடத்தை யார் வைப்பது? பிடிக்காமல் விட்டால் அடுத்த நாலு நாளும் வறட்சி. இரண்டாம் நாள் கடைசி பஸ்ஸில் தானாகவே திரும்பி வந்தாள். "வந்துட்டியா? தொட்டியக் கழுவி வச்சுட்டேன்" என்றான் தனுஷ்கோடி. அவள் கோபித்துக்கொண்டு போனதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எண்பத்தொன்பது பங்குனியில் வெயில் கொளுத்தியது. அந்த மாதம்தான் தினக்கூலிகளில் நாலு பேரை நிரந்தரமாக்கப் பெயர் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. தனுஷ்கோடியின் பெயர் இரண்டாவதாக இருந்தது. "இந்த ஒரு மாசம் ஒரு புகாரும் வராமப் பாத்துக்க" என்று ஓவர்சியர் பால்ச்சாமி சொல்லியனுப்பியிருந்தார். அவன் அதை வீட்டில் வந்து சொல்லி, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்தான். கதம்பம். அவளுக்கு உடனே சாவியில் கட்டியிருந்த கதம்பம் ஞாபகம் வந்தது. எந்தக் கடையில் வாங்கினான் என்று கேட்டாளே தவிரத் தலையில் வைக்கவில்லை.

அதற்கடுத்த தண்ணீர் நாள் அவள் துணிந்துவிட்டாள். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. அவன் தோப்புத் தெருவைத் திறந்துவிட்டு மற்ற தெருக்களுக்குப் போனதும், தான் போய் அதை இருபத்தைந்தாவது நிமிஷத்தில் அடைத்துவிட வேண்டும். களத்துத் தெருவுக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவே. ஒரு குடம் கூடக் கிடையாது.

விடிந்தும் விடியாமலும் இருந்தது. செல்லத்தாய் கொல்லையில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் நடையிலிருந்து சாவியை உருவினாள். பழைய இரும்பு, உள்ளங்கையை அறுத்தது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பேண்டேஜ் துணி இடுப்பில் இருந்தது. அதைக் கைப்பிடியில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். சாவியைக் குழிக்குள் விட்டு, வால்வின் தலையில் மாட்டி, சோற்றுக்கைப் பக்கம் தம் கட்டித் திருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது சுற்றில் இறுகி நின்றது. அடைந்துவிட்டது! அப்போது கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்க, சாவியைக் குழியிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்து குழாயடியில் முதல் ஆளாகக் குடத்தை வைத்து நின்றாள். இன்றைக்கு முன்னாலேயே வரும் என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஐந்து நிமிஷம் ஆனது. பத்து ஆனது. எப்போதும் வருகிற நேரமும் போனது. குழாய் இருமக்கூட இல்லை.

உலகத்திலுள்ள வால்வெல்லாம் வலப்பக்கம் திருகினால் அடையும். தோப்புத் தெரு வால்வு மட்டும் வலப்பக்கம் திருகினால் திறக்கும். எந்தக் காலத்திலோ கையில் கிடைத்ததைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதினாலு சுற்று வால்வு அது. அந்தத் தெருவில் பழைய குழாய் என்பதால் தனுஷ்கோடி எப்போதும் பாதிதான், ஏழு சுற்றுதான் திறப்பான். அடைப்பதாக நினைத்து மிச்ச ஏழையும் இவள் திறந்துவிட்டாள்.

எவளுக்குத் தண்ணீர் போகக்கூடாது என்று நினைத்தாளோ அவள் தெருவில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்து "நீள்ளு! நீள்ளு!" என்று பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். அண்டாவும் குண்டாவும் வாசலுக்கு வந்தன. ஆனால் அந்தக் கொண்டாட்டம் கொஞ்ச நேரம்தான். தெருக் கோடியில் பழைய குழாயின் இணைப்பு பிளந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது. தனுஷ்கோடி தகவல் தெரிந்து சைக்கிளில் பறந்து வந்தபோது, குழியில் கிடந்த சாவியைப் பிடித்து வால்வை அடைத்துக்கொண்டிருந்தாள் செல்லத்தாய். தெருவே அவளைச் சாவியும் கையுமாகப் பார்த்தது. மேல்நிலைத் தொட்டி காலி. களத்துத் தெருவோடு சேர்த்து நாலு தெருவுக்கு எட்டு நாள் தண்ணீர் இல்லை.

அன்று ராத்திரி தனுஷ்கோடி சாப்பிடவில்லை. "யாரோ திருகிட்டாங்க. சாவிய ஷெட்டுல வைக்காதது என் தப்பு. லிஸ்டுலருந்து பேர எடுத்துருவாங்கட்டி" என்று மட்டும் சொன்னான். இசக்கியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் திருகினாய் என்று கேட்பான். அதற்கு என்ன சொல்வது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் மூன்று நாள் ஊமையாகக் கிடந்தாள்.

நாலாம் நாள் கம்பெனியில் கிருபாபாய் மூச்சிரைக்க வந்தாள். அவள் தம்பி நகராட்சி ஆபீஸில் பியூன்.

"ஏட்டி, விசயம் தெரியுமா? அந்தச் செல்லத்தாய், 'அண்ணாச்சி சாவிய எடுத்துட்டுப் போகத்தான் வந்தாக, நாந்தான் செத்த நேரம் இங்கன கிடக்கட்டும்னு சொல்லித் தண்ணி ஆசையில திறந்துட்டேன், அவியமேல தப்பில்ல'ன்னு எழுதியே கொடுத்துட்டாளாம். அவ வீட்டுக் குழாய வெட்டப் போறாங்களாம். ஒன் வீட்டுக்காரரு தப்பிச்சாரு. மகராசி!"

மகராசி என்ற சொல் சுருக்கென்று குத்தியது. காப்பி கொடுத்தாள், சாவிக்குப் பொட்டு வைத்தாள், இப்போது பழியையும் அவளே சுமக்கிறாளா? தான் செய்த தப்பு அது. தன் புருஷனின் வேலை அது. அவனைக் காப்பாற்றுகிற பாக்கியம் மட்டும் அவளுக்கா? ஊர் இதைக் காலத்துக்கும் சொல்லும். தனுஷ்கோடியும் ஆயுசுக்கும் அவளை நினைத்துக்கொண்டிருப்பான். இசக்கியம்மாள் சுருட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். நியாயம் தர்மம் என்றெல்லாம் அவள் அன்றைக்குப் போகவில்லை. எரிச்சலில்தான் போனாள்.

ஆபீஸில் ஓவர்சியர் பால்ச்சாமி மேஜைக்கு முன்னால் தனுஷ்கோடி கைகட்டி நின்றான். ஓரத்தில் பெஞ்சில் செல்லத்தாய். இசக்கியம்மாள் அவளை அன்றுதான் பக்கத்தில் பார்த்தாள். தான் நினைத்த அழகு இல்லை. முன்பல் ஒன்று கொஞ்சம் எத்தியிருந்தது. அந்த நிலைமையிலும் அது ஒரு ஆறுதலாக இருந்தது.

"சார், வால்வத் திருகுனது நான். அவ இல்ல" என்றாள்.

"நீ யாரும்மா?"

"இவிய வீட்டுக்காரி."

பால்ச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். "புருஷனக் காப்பாத்த ஒருத்தி போதாதுன்னு நீயுமா? எந்தப் பக்கம் திருகுன?"

"சோத்துக்கைப் பக்கம்."

"எத்தனை சுத்து?"

"ஏழு. அதுக்கு மேல போகல."

தனுஷ்கோடி திடுக்கிட்டு நிமிர்ந்தான். மிச்சம் ஏழு சுற்று என்பது அவனுக்கும் திருகினவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

"சரி, அந்தத் தெருவுல ஒனக்கு வீடில்ல வாசலில்ல. நீ எதுக்குத் திறந்த?"

"நான் எங்க சார் திறந்தேன்? அடைச்சேன்."

பக்கத்து மேஜை கிளார்க் சிரித்தார். பியூன் சிரித்தான். பால்ச்சாமிக்கே மீசை துடித்தது. "அடைக்கப் போயித் திறந்து விட்டுட்டு வந்துருக்கியாக்கும். எதுக்கும்மா அடைக்கப் போன?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. "அந்தத் தெருவுக்கு மட்டும் முக்கா மணி நேரம் விடுதாக. நான் டைம்பீஸ் வச்சுப் பாத்தேன். காப்பி வேற. சாவிக்குப் பொட்டு வேற" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டாள். செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். தனுஷ்கோடி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

"அது மேட்டுத் தெரும்மா. முதக் கால் மணி நேரம் காத்துதான் வரும். அதுக்காக முக்கா மணின்னு நேரம் போட்டுக் கொடுத்ததே நான்தான். தண்ணி வாரது அரை மணி நேரம். ஒங்க தெருவுக்கும் அதே அரை மணிதான்."

"அரை மணியா? இருபத்தஞ்சு நிமிசந்தான் வருது சார்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பால்ச்சாமி தனுஷ்கோடி பக்கம் திரும்பினார். "என்னய்யா? அஞ்சு நிமிசம் எங்க போகுது?"

தனுஷ்கோடி காலண்டரைப் பார்த்தபடியே சொன்னான்.

"அஞ்சு நிமிசம் முன்னாடியே அடைச்சிருவேன் சார். எம்பொண்டாட்டி இருக்க தெரு. ஒரு நிமிசம் கூடுனாலும் வீட்டுக்கு விடுதான்னு ஊரு பேசும். குறைஞ்சா ஒருத்தனும் பேசமாட்டான். அவதான பொறுத்துக்கிடப் போறா."

"ஏன்யா, அந்தத் தெருவுல மத்த சனம் இல்லையா?"

"தப்புதான் சார்."

பால்ச்சாமி செல்லத்தாய் எழுதிக் கொடுத்த காகிதத்தையும் குழாய் வெட்டும் ஆர்டரையும் கிழித்தார், மூன்றாவதாக ஒரு காகிதத்தில் எழுதினார். செல்லத்தாய் வீட்டுக் குழாயை வெட்டவில்லை. சாவியை வெளியாள் வீட்டில் வைத்ததற்காகத் தனுஷ்கோடியின் பெயர் அந்த வருஷ லிஸ்டிலிருந்து போனது. களத்துத் தெருவுக்கு இனிமேல் முழுசாக அரை மணி.

படியிறங்கும்போது செல்லத்தாய் பின்னாலேயே வந்தாள். "மதினி" என்று கூப்பிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே அந்தப் பேண்டேஜ் துணி. "சாவியில சுத்தியிருந்தது. ஓவர்சியர் வாரதுக்குள்ள உருவிட்டேன். இந்தத் துணி ஒங்க கம்பெனியத் தவிர வேற எங்க இருக்கு? எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதிக் கொடுத்தீக?"

"குழாய வெட்டுனா நான் தெருக்குழாயில பிடிச்சுக்கிடுவேன். அண்ணாச்சிக்கு வேலை போனா நீங்க எங்க போவீக?"

இசக்கியம்மாள் அங்கேயே அவள் காலில் விழுந்திருப்பாள். ஆனால் துணியைப் பிரித்துப் பார்த்தபோது அது துவைத்து, கஞ்சி போட்டு, நாலாக மடித்திருந்தது. இதிலும் ஒரு கை கூடச் செய்திருக்கிறாளே, பாவி என்று தோன்றியதைத் தடுக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் தனுஷ்கோடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். நாலடிச் சாவியைப் பாரில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இனி அது வீட்டில்தான் இருக்கும். அவள் இரண்டடி பின்னால் நடந்தாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். முடுக்கு திரும்பும்போது, "அந்த வால்வு எதிர்ச்சுத்துன்னு என்ட்ட ஒருநாளாவது சொன்னீகளா?" என்று இவளே ஆரம்பித்தாள்.

"நீ வந்து திருகுவேன்னு யாரு கண்டா?" என்றான் அவன். அதற்குப் பிறகு நாலு நாள் அவன் அவளோடு பேசவில்லை.

அவன் நிரந்தரமானது தொண்ணூற்று இரண்டில். மூன்று வருஷம் தாமதம். அந்த மூன்று வருஷமும் ஆயுத பூஜைக்கு அவள்தான் பெரிய சாவிக்குப் பொட்டு வைத்தாள். மூன்று இடத்தில் வைத்தவளுக்குப் போட்டியாக ஒன்பது இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, பழைய குங்குமக் கறை எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது, குழாய் ஒட்டிச் சரியான பிறகு வந்த முதல் தண்ணீர் நாளை. அன்று களத்துத் தெருவில் இருபத்தைந்து நிமிஷம் தாண்டியும் தண்ணீர் நிற்கவில்லை. தெருவே ஆச்சரியப்பட்டது. "ஒன் புண்ணியத்துல அஞ்சு நிமிசம் கூட வருதுட்டி!" என்று கிருபாபாய் சத்தம் போட்டாள். இசக்கியம்மாள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷமாக அவன் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்த ஐந்து நிமிஷம் அது. கேட்காமல், சொல்லாமல், இவள் பொறுத்துக்கொள்வாள் என்ற ஒரே நம்பிக்கையில் எடுத்தது. ராஜபாளையத்தில் அத்தனை பெண்களுக்கும் தண்ணீர் திறந்துவிட்டவன் அவளுக்கென்று மட்டும்தான் முன்னாலேயே அடைத்தான். வேறு எவளிடமும் அவன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கே, தன் வாயாலேயே ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது அதில் கிருபாபாய் குடம் நிறைக்கிறாள்.

குழாயடியில் இசக்கியம்மாளின் குடம் முக்கால் நிறைந்திருந்தது. அந்த ஐந்து நிமிஷத்துக்கு நிற்காமல் அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நிறையலையேட்டி, இன்னும் தண்ணி வருதுல்ல?" என்றாள் கிருபாபாய்.

"எனக்கு அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் வீட்டுக்கு நடந்தாள்.